ஒலிம்பஸின் பாகப்பிரிவினை



பண்டைக் கிரேக்கர் தம் கடவுளருக்கு வகுத்த குடும்ப உறவுகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இந்தப் பொருளில் எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் முதல் பக்கங்களில் ஒரு வம்சாவளிப் படம் இருக்கும். உச்சியில் யுரேனஸ் என்ற வானமும் கையா என்ற பூமியும். அடுத்த வரிசையில் க்ரோனஸும் ரியாவும். அதன் கீழ் ஜீயஸும் அவன் உடன்பிறந்தாரும். கடைசியில் அதீனா, அப்போலோ, ஆர்ட்டெமிஸ், ஹெர்மிஸ், டயோனைசஸ் முதலிய பிள்ளைகள். கோடு போட்டு இணைத்த அந்தப் படம் பார்க்கத் தெளிவாக இருக்கிறது. மூல நூல்களைப் படிக்கத் தொடங்கினாலோ கோடுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன.

காதலின் கடவுளான அஃப்ரொடைட்டி, ஹோமரின் இலியட்டில் ஜீயஸுக்கும் டயோனிக்கும் பிறந்த மகள். ஹெசியட்டின் தியோகனியில், யுரேனஸின் அறுபட்ட உறுப்பு கடலில் விழ, அதைச் சுற்றித் திரண்ட நுரையிலிருந்து எழுந்தவள். ஒரு கணக்குப்படி ஜீயஸுக்கு மகள். இன்னொரு கணக்குப்படி அத்தை. கொல்லுலைக் கடவுள் ஹெஃபெஸ்டஸ் ஹோமரிடம் ஜீயஸுக்கும் ஹீராவுக்கும் பிறந்தவன். ஹெசியட்டிடம், கணவன்மீது கொண்ட சினத்தால் ஹீரா தனியாகவே பெற்ற பிள்ளை. அவனுக்கு மனைவி யார்? ஒடிசியில் அஃப்ரொடைட்டி, இலியட்டில் காரிஸ், தியோகனியில் அக்லையா. விதியின் கடவுளரான மொய்ராய் சகோதரியர் மூவரும், ஒரே தியோகனிக்குள் ஓரிடத்தில் இரவின் மகள்கள், வேறோரிடத்தில் ஜீயஸின் மகள்கள்.

கவிஞர்கள் கவனமின்றி எழுதிவிட்டார்கள் என்று இதைத் தள்ளிவிட முடியாது. கிரேக்கக் கடவுளரின் வம்சாவளி ஒரு பாகப்பத்திரம் போல எழுதப்பட்டது என்பது என் கருத்து. யாருக்கு யார் பிறந்தார் என்ற கேள்விக்குப் பின்னால், யாருக்கு எந்தப் பங்கு என்ற கேள்வி எப்போதும் நிற்கிறது. பங்கு மாறும்போது பிறப்பும் மாறுகிறது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ், கிரேக்கருக்குக் கடவுளரின் பிறப்பு வரிசையை அமைத்தவர்களும், அந்தக் கடவுளருக்குச் சிறப்புகளையும் தொழில்களையும் பிரித்துக் கொடுத்தவர்களும் ஹோமரும் ஹெசியட்டும்தான் என்று எழுதுகிறார். பிறப்பையும் பங்கையும் அவர் ஒரே மூச்சில் சொல்வதைக் கவனியுங்கள்.

மூன்று தலைமுறைகள்

ஹெசியட் போயோட்டியா நாட்டில், ஹெலிக்கன் மலையடிவாரத்து ஆஸ்க்ரா ஊரைச் சேர்ந்தவர். காலம் கி.மு. 700-ஐ ஒட்டியது. 'வேலைகளும் நாட்களும்' என்ற அவருடைய மற்றொரு நூலில் ஒரு சொத்துத் தகராறு வருகிறது. தந்தையின் நிலத்தைப் பிரித்தபோது சகோதரன் பெர்சிஸ், கையூட்டு வாங்கும் ஆட்சியாளர்களைச் சரிக்கட்டித் தன் பங்குக்கு மேல் அள்ளிக்கொண்டான் என்று கவிஞர் குற்றம் சாட்டுகிறார். பங்கு கேட்டு வாதாடும் இந்தக் குரல்தான் தியோகனியையும் பாடியது.

சுமார் ஆயிரம் அடிகள் கொண்ட அந்தப் பாட்டில் கையா துணையின்றி யுரேனஸைப் பெறுகிறாள். பிறகு அவனோடு கூடி டைட்டன்கள் 12 பேர், ஒற்றைக்கண் சைக்ளோப்கள் 3 பேர், நூறு கைகள் உடையோர் 3 பேர் எனப் பிள்ளைகள் பெறுகிறாள். யுரேனஸ் பிள்ளைகளை வெளிச்சத்துக்கு வரவிடாமல் தாயின் வயிற்றுக்குள்ளேயே அடைத்துவைக்கிறான். வலி பொறுக்காத தாய் அரிவாள் ஒன்றைச் செய்து பிள்ளைகளிடம் நீட்டுகிறாள். எல்லோரும் அஞ்சி நிற்க, டைட்டன்களில் கடைக்குட்டியான க்ரோனஸ் மட்டும் வாங்கித் தந்தையை அறுக்கிறான்.

க்ரோனஸ் தன் அக்காள் ரியாவை மணக்கிறான். ஹெஸ்டியா, டெமிட்டர், ஹீரா, ஹேடிஸ், பொசைடன் என்று பிறக்கப் பிறக்க விழுங்கிவிடுகிறான். மகனால் ஆட்சி போகும் என்று பெற்றோர் எச்சரித்திருந்தார்கள். கடைசியாகப் பிறந்த ஜீயஸைக் கிரீட் தீவில் ஒளித்துவைத்துவிட்டு, துணியில் சுற்றிய ஒரு கல்லைக் கணவனிடம் கொடுக்கிறாள் ரியா. பின்னாளில் க்ரோனஸ் கக்கிய அந்தக் கல்லை ஜீயஸ் டெல்ஃபியில் நட்டான் என்கிறார் ஹெசியட். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அங்கே போன பயண நூலாசிரியர் பௌசானியஸ், அந்தக் கல்லுக்கு நாள்தோறும் எண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று பதிவு செய்திருக்கிறார்.

இந்தக் கதைக்குக் கிழக்கில் மூத்த உறவு உண்டு. இன்றைய துருக்கியில் ஹிட்டைட்டுகளின் தலைநகரான ஹத்துசாவில் கிடைத்த களிமண் பலகைகளில், அலாலுவை அனு விரட்டுகிறான். அனுவின் உறுப்பைக் குமர்பி கடித்து விழுங்குகிறான். அந்த வயிற்றிலிருந்தே புயல் கடவுள் தெசுப் பிறந்து குமர்பியை எதிர்க்கிறான். அப்பலகைகள் ஹெசியட்டுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. கிரேக்கர் கதைக்கருவைக் கிழக்கிலிருந்து பெற்றிருக்கிறார்கள். அதை என்ன செய்தார்கள் என்பதில்தான் அவர்களின் தனித்தன்மை இருக்கிறது.

ஜீயஸ் செய்த மாற்றம்

யுரேனஸும் க்ரோனஸும் விழுந்ததற்குக் காரணம் ஒன்றே. இருவரும் யாருக்கும் எதையும் பிரித்துக் கொடுக்கவில்லை. ஜீயஸ் பங்கு கொடுத்து ஆள் சேர்க்கிறான். பாதாளத்தில் அடைபட்டிருந்த சைக்ளோப்களை விடுவிக்கிறான். அவர்கள் இடியையும் மின்னலையும் தருகிறார்கள். நூறு கைகள் உடையோரை விடுவிக்கிறான். டைட்டன்களோடு நடந்த பத்து ஆண்டுப் போரில் அவர்கள் வெற்றியைத் தருகிறார்கள். தன் பக்கம் வருவோரின் பழைய உரிமை பறிபோகாது, உரிமை இல்லாதோருக்குப் புதிதாகக் கிடைக்கும் என்று அறிவிக்கிறான். முதலில் வந்து சேர்ந்தவள் ஸ்டிக்ஸ் நதி. அவளுடைய பிள்ளைகளான வெற்றியும் வலிமையும் ஜீயஸின் பக்கத்திலேயே குடியிருக்கும் உரிமை பெற்றார்கள். தேவர்கள் சத்தியம் செய்வது அவள் நீரின்மீது என்று ஆயிற்று. டைட்டன் வழி வந்த ஹெக்கட்டியிடம் மண், கடல், வானம் மூன்றிலும் இருந்த பாத்தியதையில் ஜீயஸ் கை வைக்கவே இல்லை. போர் முடிந்ததும் மற்றக் கடவுளரே அவனை ஆளும்படி கேட்டுக்கொள்ள, அவன் சிறப்புகளைப் பங்கிட்டான் என்று முடிக்கிறார் ஹெசியட்.

அவனுடைய திருமணங்களும் இதே கணக்குதான். தியோகனி ஏழு மனைவியரை வரிசைப்படுத்துகிறது: மீட்டிஸ், தெமிஸ், யூரினொமி, டெமிட்டர், நெமொசினி, லெட்டோ, ஹீரா. மீட்டிஸ் அறிவுக்கூர்மை. அவளுக்குப் பிறக்கும் மகன் தந்தையை வீழ்த்துவான் என்று தெரிந்ததும் கருவுற்றிருந்தவளையே ஜீயஸ் விழுங்குகிறான். முதல் தந்தை பிள்ளைகளைத் தாய் வயிற்றில் அடைத்தான். இரண்டாமவன் தன் வயிற்றில் அடைத்தான். மூன்றாமவன் தாயையே தன்னுள் வைத்துக்கொண்டான். அதீனா அவன் தலையிலிருந்து பிறந்தாள். முறைமையான தெமிஸ் வழியாக நல்லாட்சி, நீதி, அமைதி என்ற மகள்களும், முன்பு இரவின் மகள்களாக இருந்த மொய்ராய் மூவரும் வருகிறார்கள். நினைவான நெமொசினி வழியாகக் கலைமகளிர் ஒன்பதின்மர். இவர்கள் ஆட்சிக்கு வேண்டிய துறைகள். விதி ஜீயஸுக்கு வெளியே நின்றால் இரவின் மகள்; அவன் ஆட்சிக்குள் வந்துவிட்டால் அவன் மகள்.

மகன்கள் மட்டும் ஆபத்து. அப்போலோவைப் பற்றிய ஹோமர் வழித் துதிப்பாடல், அவன் வில்லை நாணேற்றியபடி தந்தையின் மாளிகைக்குள் வர, இருந்த தேவர்கள் நடுங்கி எழுவதாகத் தொடங்குகிறது. தாய் லெட்டோ நாணை அவிழ்த்து வில்லை மாட்டிவைத்து அவனை உட்கார வைக்கிறாள். தந்தை பொற்கிண்ணத்தில் அமுதம் கொடுக்கிறான். மீண்டும் ஒரு க்ரோனஸ் வந்துவிட்டானோ என்ற அச்சம் எழுந்து அடங்கும் காட்சி இது. கடைசி ஆபத்து கடல்மகள் தீட்டிஸ். ஜீயஸும் பொசைடனும் அவளை விரும்பினார்கள். அவள் பெறும் மகன் தந்தையை விஞ்சுவான் என்று தெமிஸ் எச்சரித்ததாகப் பிண்டார் பாடுகிறார். எனவே அவளைப் பீலியஸ் என்ற மனிதனுக்குக் கட்டிவைத்தார்கள். பிறந்தவன் அகிலீஸ். தந்தையை விஞ்சினான், ஆனால் சாகப் பிறந்தவன். ஜீயஸின் ஆட்சி நிலைத்ததற்குக் கொடுத்த விலை அவனுடைய இளமை மரணம்.

அண்ணனா, தம்பியா?

ஹெசியட்டிடம் ஜீயஸ் கடைக்குட்டி. ஹோமரிடம் அவனே மூத்தவன். இலியட்டின் 15-ஆம் பாகத்தில் இந்த வேறுபாடு உயிர்பெறுகிறது. போர்க்களத்தில் கிரேக்கருக்கு உதவும் பொசைடனை வெளியேறச் சொல்லி ஜீயஸ் ஐரிஸைத் தூது அனுப்புகிறான். பொசைடன் கொதிக்கிறான். நாங்கள் மூன்று சகோதரர்கள், சம மரியாதை உடையவர்கள். சீட்டுப் போட்டோம், எனக்குக் கடல் விழுந்தது, ஹேடிஸுக்குக் கீழுலகம், அவனுக்கு வானம். மண்ணும் ஒலிம்பஸும் மூவருக்கும் பொது. அதிகாரம் பண்ணுவதானால் தான் பெற்ற பிள்ளைகளிடம் பண்ணட்டும் என்கிறான். மூத்தவர் பக்கம் பழிவாங்கும் தேவதைகளான எரின்யெஸ் எப்போதும் நிற்பார்கள் என்று ஐரிஸ் நயமாக நினைவூட்டுகிறாள். பொசைடன் முணுமுணுத்துக்கொண்டே கடலுக்குள் இறங்குகிறான்.

சீட்டுப் போட்டுப் பிரிப்பது கிரேக்க வழக்கம்தான். மூத்தவனுக்கே எல்லாம் என்ற முறை அங்கே இல்லை. மகன்கள் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒடிசியில் ஒடிசியஸ் தன்னைக் கிரீட் தீவினனாகப் புனைந்து சொல்லும் கதையிலும், மனைவி பெற்ற மகன்கள் தந்தையின் சொத்தைச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொண்டு, வைப்பாட்டி மகனுக்குக் கொஞ்சம் கொடுத்து ஒதுக்குகிறார்கள். ஆகவே இலியட்டில் ஜீயஸின் தனி அதிகாரத்துக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அவனை மூத்தவனாக்கியது அந்தத் தேவை. ஹெசியட்டுக்கு அந்தத் தேவை இல்லை. கடைசி மகனே தந்தையை வெல்லும் வரிசையில் அவன் முத்தாய்ப்பாக வர வேண்டும், அதனால் இளையவன். இரண்டையும் பொருத்தப் பார்த்தவர்களும் உண்டு. அஃப்ரொடைட்டியைப் பற்றிய துதிப்பாடல் ஹெஸ்டியாவை முதலில் பிறந்தவள், கடைசியில் பிறந்தவளும் அவளே என்கிறது. முதலில் விழுங்கப்பட்டவள் கடைசியில்தானே வெளியே வருவாள்!

இரண்டு பிறப்பு, இரண்டு நிலம்

அஃப்ரொடைட்டியின் இரட்டைப் பிறப்பையும் இப்படியே பார்க்க வேண்டும். வடமேற்குக் கிரேக்கத்தில் குறிசொல்லும் தலமான டொடோனாவில் ஜீயஸுக்குத் துணையாக வழிபடப்பட்டவள் ஹீரா இல்லை, டயோனி. அவள் மகளாக அஃப்ரொடைட்டியைச் சொல்வதற்கு அங்கே வேர் இருந்தது. ஹெசியட் சொல்லும் நுரைமகளோ கித்தீராவைக் கடந்து சைப்ரஸில் கரையேறுகிறாள். சைப்ரஸின் பாஃபோஸ் அவளுடைய பெருங்கோயில் இருந்த ஊர். சைப்ரஸ் கோயிலே சிரியாவின் அஸ்கலோன் கோயிலிலிருந்து வந்தது என்கிறார் ஹெரடோட்டஸ். கடல் வழியே கிழக்கிலிருந்து வந்தவள் என்பதைக் கடலில் பிறந்தவள் என்ற கதை ஒப்புக்கொள்கிறது. பிளேட்டோவின் 'விருந்து' நூலில் பேசும் ஒருவர், இவை இரு வேறு அஃப்ரொடைட்டிகள் என்றே பிரித்து, ஒருத்தி உயர்ந்த காதலுக்கும் மற்றவள் பொதுக்காதலுக்கும் உரியவள் என்கிறார். பெற்றோரைப் பிரித்ததும் வேலையும் பிரிந்துவிட்டது.

மகளைக் கொடுத்த கதை

உடன்பிறந்தாரை எப்படி மணந்தார்கள் என்று இந்தப் பொருளைப் பேசும் எல்லா அவைகளிலும் கேட்பார்கள். கடவுளருக்குச் சமமான குடும்பம் வேறு இல்லை என்பதே கதையின் தர்க்கம். மனிதருக்குக் கிரேக்கர் அதை அனுமதிக்கவில்லை. ஏதென்ஸ் சட்டம் ஒரே தந்தைக்கு வேறு வேறு தாயரிடம் பிறந்தவர்கள் மணப்பதை ஏற்றது. ஒரே தாய்க்குப் பிறந்தவர்கள் மணப்பதை ஏற்கவில்லை. தந்தையின் சகோதரனை மணப்பதும் வழக்கில் இருந்தது. ஒடிசியில் ஃபயேசிய அரசன் அல்கினஸின் மனைவி அரீட்டி அவனுடைய சகோதரன் மகள்தான்.

டெமிட்டர் மகள் பெர்செஃபொனியை ஹேடிஸ் கவர்ந்துபோகும் கதையை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். அவளுக்கு அவன் தாய்மாமன், பெரியப்பா இரண்டுமே. டெமிட்டரைப் பற்றிய துதிப்பாடலில் இது வெறும் கடத்தல் இல்லை. தந்தை ஜீயஸ் மகளைக் கொடுத்துவிட்டான். கிரேக்கத்தில் திருமண ஒப்பந்தம் பெண்ணின் தந்தைக்கும் மணமகனுக்கும் இடையில் நடப்பது. தாயைக் கேட்கவில்லை, மகளையும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் பார்க்கும் சூரியக் கடவுள் டெமிட்டரிடம், உன் கூடப்பிறந்தவன், மூன்றில் ஒரு பங்குக்கு அதிபதி, தகாத மாப்பிள்ளை இல்லையே என்று சமாதானம் சொல்கிறான். இங்கும் பங்குதான் பேசுகிறது.

டெமிட்டர் சமாதானம் ஆகவில்லை. விளைச்சலை நிறுத்துகிறாள். மனிதர் பட்டினியில் மடிந்தால் தேவருக்குப் படையல் ஏது? ஜீயஸ் இறங்கி வருகிறான். மாதுளை விதையை உண்டுவிட்டதால் பெர்செஃபொனி ஆண்டில் மூன்றில் ஒரு பகுதி கணவனிடமும் மீதிப் பகுதி தாயிடமும் இருக்க வேண்டும் என்று முடிவாகிறது. ஒலிம்பஸின் பாகப்பிரிவினையை ஒரு தாய் திருத்தி எழுதவைத்தது இந்த ஒரு முறை. எலூசிஸ் ஊரில் அவள் பெயரால் நடந்த மறைச் சடங்குகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல், கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை நீடித்தன.

ஏதென்ஸின் வழக்காடல்

கி.மு. 5-ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ் நாடக அரங்கில் இந்த உறவுகள் சட்டக் கேள்விகளாகவே மாறின. கி.மு. 458-இல் அரங்கேறிய ஈஸ்கிலஸின் 'யூமெனிடிஸ்' நாடகத்தில், தாயைக் கொன்ற ஒரெஸ்டஸை எரின்யெஸ் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார்கள். இவர்கள் அறுபட்ட யுரேனஸின் இரத்தத்திலிருந்து பிறந்தவர்கள் என்பது ஹெசியட்டின் கூற்று. ஈஸ்கிலஸிடம் இவர்கள் இரவின் மகள்கள். அப்போலோ, தாய் வித்தைத் தாங்குபவள் மட்டுமே, பெற்றவன் தந்தை என்று வாதிட்டு, சாட்சியாகத் தாயில்லாப் பிள்ளை அதீனாவைக் காட்டுகிறான். அவளும் ஒரெஸ்டஸுக்கு வாக்களிக்கிறாள். வாக்குகள் சமமாக, அவன் விடுதலை ஆகிறான். இளைய கடவுளர் எங்கள் பழைய உரிமையை மிதித்துவிட்டார்கள் என்று எரின்யெஸ் சீறுகிறார்கள். அதீனா அவர்களுக்கு ஏதென்ஸில் குடியிருக்க இடமும் வழிபாடும் கொடுத்து அமர்த்துகிறாள். தந்தை கையாண்ட வழியை மகளும் கையாள்கிறாள்.

கி.மு. 414-இல் அரிஸ்டொஃபனிஸின் 'பறவைகள்' இதையே சிரிப்பாக்கியது. வானத்தில் நகரம் கட்டிய பிஸ்தெட்டேரஸிடம் பொசைடனும் ஜீயஸின் மகன் ஹெராக்ளிஸும் சமரசம் பேச வருகிறார்கள். ஜீயஸ் ஆட்சியை விட்டுக்கொடுத்தால் உன் சொத்துதான் போகும் என்று பொசைடன் ஹெராக்ளிஸை எச்சரிக்கிறான். பிஸ்தெட்டேரஸ் குறுக்கிட்டு, உன் தாய் அயலூர்க்காரி, சோலனின் சட்டப்படி உனக்கு ஒரு காசும் வராது, முதலில் உரிமை கோரப்போகிறவன் உன் அப்பாவின் இந்தச் சகோதரன்தான், உன் அப்பா உன்னைக் குலக்குழுவில் பதிந்தாரா என்று கேட்கிறான். பதியவில்லை! பெற்றோர் இருவரும் ஏதென்ஸ்காரராக இருந்தால்தான் குடியுரிமை என்ற பெரிக்ளிஸின் சட்டம் கி.மு. 451-இல் வந்தது. அது தெரிந்த கூட்டம் எப்படிச் சிரித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கண்டித்தவர்கள்

கொலோஃபன் ஊர் செனோஃபனிஸ், ஹோமரும் ஹெசியட்டும் திருட்டையும் கள்ள உறவையும் வஞ்சகத்தையும் கடவுளர்மேல் ஏற்றிவிட்டார்கள் என்று சாடினார். பிளேட்டோ தம் 'குடியரசு' நூலில், யுரேனஸ், க்ரோனஸ் கதைகள் உண்மையே ஆனாலும் இளையோருக்குச் சொல்லலாகாது என்றார். அவருடைய 'யூதிஃப்ரோ'வில், தந்தைமீதே கொலை வழக்குத் தொடுத்த யூதிஃப்ரோ என்பவன், ஜீயஸும் தன் தந்தையைக் கட்டிப்போட்டவன்தானே என்று நியாயம் பேசுகிறான். சாக்ரட்டீஸ் அசந்துபோகிறார்.

ஆனால் அதே ஏதென்ஸில் பெற்றோரைத் துன்புறுத்துவது வழக்குத் தொடுக்கக்கூடிய குற்றம். வழிபட்ட மக்கள் க்ரோனஸைப் பின்பற்ற வேண்டிய முன்மாதிரியாகக் கொள்ளவில்லை. எப்படி இந்த உலகம் இன்றைய ஒழுங்குக்கு வந்தது, அதில் யாருக்கு எது உரியது என்பதற்கான விளக்கமாகவே அந்தக் கதைகளைக் கேட்டார்கள். யூதிஃப்ரோ அந்தக் கதையைத் தவறாகப் படித்த வாசகன்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிரேக்கப் புராணத்தைப் பற்றித் தமிழில் எழுதும்போது, இன்னார் இன்னாரின் மகள் என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். யார் பாட்டில், எந்த ஊர் வழிபாட்டில், எந்தக் காலத்தில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு கவிஞர்கள் முரண்பட்டால் சமரசம் செய்துவைக்க முயல வேண்டாம். முரண்பட்ட இடத்தில் எந்தப் பங்குக்காக வழக்கு நடக்கிறது என்று தேடுங்கள். ஒரே படமாக வரைந்து முடிக்கக்கூடிய குடும்பம் கிரேக்கரிடம் ஒருபோதும் இருந்ததில்லை. கோயிலும் நகரமும் கவிஞரும் தத்தம் உரிமையை எழுதிவைத்த பல பத்திரங்களே நம் கைக்கு வந்திருக்கின்றன. அவற்றைத் தனித்தனியே படிப்பதுதான் அவற்றை எழுதியவர்களுக்கு நாம் செய்யும் நியாயம்.